ஊசி இறங்கும் வரை

இங்கே உட்காரலாமுங்களா அம்மணி? அந்த மூலை நாற்காலியில் மின்விசிறிக் காற்று நேராக அடிக்கிறது, எனக்குக் குளிர்கிறது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது இந்த ஆளுக்குக் குளிர்கிறதாம் என்று நினைப்பீர்கள்.

உள்ளே உங்களுக்கு யார்? வீட்டுக்காரருங்களா. சர்க்கரை இறங்கிவிட்டதா. பேசிக்கொண்டேதானே உள்ளே போனார்? அப்படியென்றால் பயமில்லை. பேச்சு இருந்தால் பயமில்லை.

எனக்கு என் மகள். மேகலா என்று பெயர், ஒரே பெண். பம்ப் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறாள். ஊருக்கு வெளியே ரேஸ் மைதானம் இருக்கிறதல்லவா, அங்கே கார் ஓட்டியவள் சூட்டில் மயங்கிவிட்டாள். அவ்வளவுதான். ரேஸ் என்றதும் எல்லாரும் மோதலைத்தான் நினைக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி மோதவில்லை, கவிழவில்லை, ஒரு கீறல் இல்லை. இன்ஜினும் நன்றாக இருக்கிறது.

நான் இப்படி வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லைங்க. முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். கிளீனரிடம்கூடத் தேவைக்குத்தான் பேச்சு. என் வீட்டில் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன் வாயில் இருந்து வார்த்தை வாங்க மாட்டுக் கொம்பில் பால் கறக்க வேண்டும் என்பாள். இன்றைக்குப் பேசாமல் இருந்தால் அந்த அவசர சிகிச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் முடியவில்லை.

அதோ, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன் இர்ஷாத். கார் வேலை பார்க்கிறவன். மகளும் அவனும் சேர்ந்துதான் அந்த வண்டியை உருவாக்கினார்கள். வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைப் பற்றிய கவலை போல. இரண்டு முறை போய்ச் சொன்னேன். "இன்ஜினு ஹெட்டு வளையலப்பா, கேஸ்கெட்டும் போகல, நான் பாத்துட்டேன்." எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வண்டி இரண்டு கதவு வைத்த பழைய கார். யாரோ துருப்பிடிக்க விட்டிருந்ததை வாங்கி வந்து, எடை குறைய ஏசியைக் கழற்றி எறிந்தார்கள், பின் சீட்டைக் கழற்றினார்கள், இன்னும் வேகம் வர இன்ஜினில் டர்போ வைத்தார்கள். சாதாரணமாக ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. மைதானத்தில் முழு வேகத்தில் விட்டால் ஐந்தாவது சுற்றிலேயே கொதித்துவிடும். பானட்டுக்குள் இருந்து ஆவி புகைந்துகொண்டு நிற்கும். அங்கே ஓட்ட வருகிற பணக்கார வீட்டுப் பையன்கள் அதற்கு இட்லிப் பானை என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒருவன் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "ஏனுங்கக்கா, இட்லி வெந்துருச்சுங்களா? சட்னி நான் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டான். மேகலாவும், "கொண்டா தம்பி, உன்ற வண்டியத் தாண்டிப் போறப்ப ஜன்னல்ல வாங்கிக்கறேன்" என்றாள். என் மகள் அப்படித்தான். நான் தலை குனிந்து போய்விடுவேன், அவள் திருப்பிக் கொடுப்பாள்.

இந்த விளையாட்டு எனக்குப் பிடித்ததில்லை. வேகத்துக்காக அல்ல. எனக்குப் பயமெல்லாம் சூடுதான். குழந்தைவேல் என்று ஒரு டிரைவர், என்னோடு லோடு அடித்தவன். ஒரு மலைப்பாதையில் வண்டி கொதித்து நின்றது. அவசரக்காரன், சட்டென்று இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் ரேடியேட்டர் மூடியைத் திருகினான். நான் எதிரில் நின்றேன். கொதி தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அவன் முகத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் மனுஷன் சத்தமே இல்லை. அன்றிலிருந்து நான் ஓட்டிய வண்டியில் ரோட்டைப் பார்த்ததைவிட ஊசியைப் பார்த்ததுதான் அதிகம். சூட்டைக் காட்டுகிற ஊசி. அது நகர்ந்தால் எனக்கு நெஞ்சு நகரும்.

மகள் அப்படி ஒரு வண்டியில் ஏறுகிறாள் என்று தெரிந்ததும் தூக்கம் போயிற்று. வேண்டாம் என்றேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்கப்பா, நீங்க வரலீன்னாலும் நான் ஓட்டத்தான் போறேன். நீங்க வந்து சூட்டப் பாத்துக்கிட்டீங்கன்னா பயமில்லாம ஓட்டுவேன். அவ்வளவுதானுங்க" என்றாள். சரி கண்ணு, சூடு என் பொறுப்பு என்றேன்.

பொறுப்பு என்று வாங்கினால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன் அம்மணி. முதலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இர்ஷாத் பெரிய அலுமினிய ரேடியேட்டர் போட்டிருந்தான், நல்ல விசிறி போட்டிருந்தான். ஆனால் ரேடியேட்டரைச் சுற்றிக் கை நுழைகிற அளவுக்குச் சந்து. காற்று சோம்பேறி. சுலபமான வழி இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாது, சுற்றிக்கொண்டு போய்விடும். அட்டையில் அளவு வெட்டி, தகரத்தில் அதை எடுத்து, ஓரத்துக்கு ரப்பர் வைத்து எல்லாச் சந்தையும் அடைத்தேன். முன்னால் நுழைகிற காற்று ரேடியேட்டர் வழியாக மட்டும்தான் போக வேண்டும் என்று ஆக்கினேன். உள்ளே போன சூட்டுக் காற்று வெளியே வர இர்ஷாத் பானட்டில் வெட்டு வைத்தான். ஆயில் சூடாகாமல் இருக்க அதற்கும் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர்.

அடுத்த முறை ஐந்தாவது சுற்று தாண்டியது, எட்டாவது தாண்டியது. ஒன்பதில் ஊசி நூற்றுப் பத்தைத் தொட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். நூற்று இரண்டு வரை எனக்குச் சம்மதம். நூற்றைந்து என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நூற்றுப் பத்து என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு டிகிரிகூட விடமாட்டேன். இதுதான் என் கணக்கு. மகள் முகம் வாடிப்போயிற்று. இன்னும் எட்டு டிகிரி குறைக்க வேண்டும். எங்கே போய்க் குறைப்பது?

அப்போதுதான் எனக்கு அந்த ஞாபகம் வந்தது. வட இந்தியப் பக்கம் ஆப்பிள் லோடுக்குப் போகிற காலத்தில் லாரியில் ஹீட்டர் இருந்தது, குளிருக்கு. ஒரு சர்தார் டிரைவர் சொல்லிக் கொடுத்தார். ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்க வந்தால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடு, அதுவும் ஒரு ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை வாங்கிக் கேபினுக்குள் கொட்டிவிடும் என்று. அது உண்மை. எத்தனையோ ஏற்றத்தில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இந்தக் காரில் ஏசியைத்தான் எடுத்திருந்தார்களே தவிர ஹீட்டரை எடுக்கவில்லை.

சொன்னதும் இர்ஷாத் தயங்கினான். "ஐயா, இங்க ஏப்ரல் மாசம் பன்னெண்டு மணி வெயிலுங்க. அக்கா மேல நெருப்புத் தாங்கற உடுப்பு, தலையில ஹெல்மெட்டு. ஜன்னலும் மூடிருக்கும். உள்ள அவங்க எப்பிடி உக்காருவாங்க?"

"இருவது நிமிஷந்தானேப்பா. லாரில நாங்க மணிக்கணக்கா உக்காந்தோம்" என்றேன்.

மேகலா சிரித்தாள். "நான் வேகறனா, இன்ஜின் வேகறதா, ரெண்டுல ஒன்னு. நானே வேகறேன் விடு இர்ஷாத்து" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தக் கதவு திறந்த மாதிரி இருந்ததே? இல்லையா. வேறு யாரோ.

இன்றைக்குக் காலையில் என் வீட்டில், மேகலா அம்மா, ஒரு ஐஸ் பெட்டி நிறைய ஐஸ் போட்டு, நடுவில் நாலு பாட்டில் மோர் வைத்துக் கொடுத்தாள். புள்ள குடிக்கட்டும் என்றாள். அங்கே போனால் வெயில் அப்படி. டர்போ உறிஞ்சுகிற காற்றைக் குளிர வைக்க முன்னால் ஒரு கூலர் இருக்கிறது, அதன் மேல் தண்ணீர் தெளிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறோம். நான் அந்த ஐஸை எல்லாம் எடுத்துத் தொட்டியில் போட்டேன். காற்று எவ்வளவு குளிர்ந்து போகிறதோ அவ்வளவு நல்லது. மோர் பாட்டில் நிழலில் இருந்தது. குடித்தாளா என்று நான் பார்க்கவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது. தண்ணீர் அளவு, ஆயில் அளவு, பெல்ட், குழாய் இறுக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, ரேடியேட்டர் மூடியை இரண்டு முறை பார்த்தேன்.

இன்றைக்கு முக்கியமான நாள். அடுத்த வருஷப் பந்தயத்துக்கு ஓட்டுகிற ஆள் தேடி ஒரு குழுவிலிருந்து வந்திருந்தார்கள். இருபது நிமிஷமும் நிற்காமல் ஓட்டிக் காட்டினால் இவளை எடுத்துக்கொள்வார்கள். அது நடந்தால் இந்த இட்லிப் பானையை விட்டுவிட்டு அவர்கள் கொடுக்கிற பத்திரமான வண்டியில் ஓட்டலாம். எனக்கும் நிம்மதி. அதனால்தான் இவ்வளவும்.

ஓட்டினாள் அம்மணி. நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. இர்ஷாத் போனில் இன்ஜின் சூடு நம்பராகத் தெரியும், அதையே பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று ஆறு. ஐந்தாவது சுற்றில் தொண்ணூற்று எட்டு. ஒன்பதாவது சுற்று, போன முறை செத்துப்போன சுற்று, தொண்ணூற்று ஒன்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இர்ஷாத், "ஐயா, அக்கா கோடு மாறிப் போறாங்க, திருப்பத்துல வழக்கமா இப்பிடிப் போக மாட்டாங்க" என்றான். "ஊசி நிக்குதப்பா, ஊசி நிக்குது" என்றேன். "கையாட்டிக் கூப்பிடலாமுங்களா?" என்றான். நூறுகூட ஆகவில்லை, எதற்குக் கூப்பிடுவது? இன்னும் மூன்றே சுற்று. வேண்டாம் என்றேன்.

முடித்துவிட்டாள். முழுசாக. அந்தக் கண்ணாடிக்காரப் பையன்கூடக் கை தட்டினான். வண்டி மெதுவாக உள்ளே வந்து எங்கள் இடத்தில் நின்றது. வேகம் நின்றதும் காற்று நின்றுவிடும், அப்போது சூடு ஏறும். அதுதான் ஆபத்தான நேரம். நூற்று ஆறைத் தொட்டது. நான் ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். நிறுத்தாதே, இன்ஜின் ஓடட்டும், விசிறி ஓடட்டும், ஹீட்டர் ஓடட்டும். சூடான இன்ஜினைச் சட்டென்று நிறுத்தக் கூடாதுங்க. தண்ணீர் ஓட்டம் நின்று உள்ளே கொதித்துவிடும். குழந்தைவேல் செய்த தப்பு அதுதான். ஊசி இறங்கும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள். ஹெல்மெட்டுக்குள் வாய் தெரியாது. கையைத் தூக்கிக் கதவைக் காட்டினாள். வெளியே வரட்டுமா என்று கேட்கிறாள். நான் கையைக் காட்டினேன், இரு கண்ணு, கொஞ்சம் இரு என்று. கட்டைவிரலைத் தூக்கினாள். சரி என்கிறாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான், நான் இரு என்றால் இருப்பாள். நீங்களே சொல்லுங்க, கட்டைவிரலைத் தூக்கினால் சரி என்றுதானே அர்த்தம்?

நான் பானட்டைத் திறந்து விட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் ஒழுகலில்லை. தகரம் அசையவில்லை. நூற்று நாலு. அந்தக் குழுவிலிருந்து ஒருவர் கைகுலுக்க வந்தார். "கொஞ்சம் இருங்க சார், ஊசி இறங்கட்டும்" என்று அவரையும் நிறுத்தினேன். இர்ஷாத், "ஐயா, அக்காவ வெளிய எடுத்தர்லாமுங்க" என்றான். "நூத்தி மூணு, இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அப்போது ஹாரன் அடித்தது.

விடாமல் அடித்தது. இவள் எதற்கு இப்படி அவசரப்படுகிறாள், இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. பானட்டுக்குப் பின்னால் இருந்தேன், அது முன் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு டிகிரி கண்ணு, கத்தாத" என்று நான் சத்தமாகச் சொன்னேன். ஹாரன் நிற்கவில்லை. இர்ஷாத்தான் என்னைத் தள்ளிவிட்டு ஓடிக் கதவைத் திறந்தான். ஹெல்மெட் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தது. அதுதான் ஹாரன். பெல்ட்டை அறுத்து வெளியே இழுத்தார்கள். உடம்பு வேர்க்கவில்லை அம்மணி. அவ்வளவு சூட்டிலும் ஒரு பொட்டு வேர்வை இல்லை, அடுப்பிலிருந்து எடுத்த ஓடு மாதிரி காய்ந்திருந்தது. வாயில் ஏதோ பேச்சு, எனக்குப் புரியவில்லை. அந்தக் கண்ணாடிக்காரப் பையன்தான் தன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். வழி முழுக்க அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான் இர்ஷாத்.

வரும்போது அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். "சூடாயிருச்சு, பயப்படாத" என்றேன். "வண்டியா, புள்ளையா?" என்றாள். "புள்ள" என்றேன். "மோர் குடிச்சாளா?" என்றாள். அதற்குள் போன் துண்டாகிவிட்டது. நான்தான் வைத்துவிட்டேன் போல. அவள் பஸ் ஏறியிருப்பாள். வந்துவிடுவாள்.

இங்கே வந்ததும் அந்த நர்ஸம்மா காய்ச்சல் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்து, "நூத்தியாறு" என்று சத்தமாகச் சொன்னார். நாலு பேர் ஓடி வந்தார்கள். இர்ஷாத் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. நூற்று ஆறு எனக்குத் தெரிந்த நம்பர். நூற்றுப் பத்தை இன்னும் தொடவில்லையே. இர்ஷாத்திடமும் சொன்னேன். "நூத்தியாறுதானேப்பா, காத்தும் தண்ணியும் பட்டா இறங்கிரும்" என்று. அப்போதுதான் அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனான். உள்ளேயும் அதைத்தான் செய்கிறார்களாம். ஈரத் துணி போட்டு, ஐஸ் வைத்து, விசிறி அடிக்கிறார்களாம். சரியான வைத்தியம்தான். நான் அடைத்த சந்து மாதிரிதான்.

அம்மணி, உங்களை ஒன்று கேட்கலாமுங்களா? சிரிக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதோடு சரி. வைத்துப் பார்ப்பது அவள் அம்மா. நான் லாரியில் இருப்பேன், திரும்பி வரும்போது காய்ச்சல் போயிருக்கும். அதனால் எனக்குத் தெரியாது. இன்ஜினுக்கு எல்லாம் தெரியும், டீசல், பெட்ரோல், எது எவ்வளவு தாங்கும் என்று. மனுஷருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? சும்மா, நல்லபடியாக இருக்கும்போது?

தொண்ணூற்று எட்டா.

தொண்ணூற்று எட்டா? நிச்சயமாகவா? நீங்கள் டாக்டர் வீட்டில் வேலை பார்த்தீர்களா? இல்லை, நம்புகிறேன். நம்பாமல் கேட்கவில்லை. நூற்று நாலே ஆபத்துங்களா.

அப்படியென்றால் எட்டு அதிகம்.

எட்டு அதிகம் ஆனபோதுதான் நான் வண்டியை ஒன்பதாவது சுற்றில் நிறுத்தினேன். எட்டு அதிகம் என்றால் நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்திலேயே. ஒரு டிகிரிகூட விடமாட்டேன் என்று...

அவளுக்கு ஊசி இல்லையே அம்மணி. முன்னால் ஒரு ஊசி இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறக்கிறார்கள். அந்த நர்ஸம்மாதான். நம்மைத்தான் பார்க்கிறார். உங்களையா, என்னையா?

"மேகலா கூட வந்தது யாருங்க?"

நானுங்க. அவளுடைய அப்பன்.

"நூத்தி ரெண்டுக்கு வந்துருச்சுங்க. கண்ணத் தொறந்துட்டாங்க, டாக்டர் கூடவே இருக்கார். ஆனா எங்க இருக்காங்கன்னு நாங்க சொன்னாலும் அவங்களுக்குப் புரிய மாட்டேங்குது. வெளிய வரட்டுங்களாப்பா, வெளிய வரட்டுங்களாப்பான்னு அதையே கேட்டுட்டு இருக்காங்க. கைய கதவு தொறக்கற மாதிரி வச்சுட்டு, யாரோ சொல்லோணும்னு காத்துட்டு இருக்காங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, அப்பறந்தான் அடங்குவாங்க போல."

வருகிறேன். வருகிறேனுங்க.

செருப்பை இங்கேயே விடட்டுங்களா? அம்மணி, இந்தச் செருப்பைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. இல்லை, இதைவிட ஒன்று. ஒரு வயசான அம்மா பச்சைச் சேலையில் ஓடி வருவாள், அவள்தான் மேகலா அம்மா. மோர் குடித்தாளா என்று கேட்டால், தெரியாதாம், அப்பன் பார்க்கவில்லையாம் என்று சொல்லிவிடுங்க. என்னால் சொல்ல முடியாது.

இர்ஷாத்து, நீயும் வாப்பா. எழுந்து வா. என்னோடு பேச வேண்டாம், கூட வந்தால் போதும்.

கண்ணு. சாமி. வந்துட்டேன் சாமி. வெளிய வா. ஊசி என்ன ஆனா என்ன, வெளிய வா.